விருந்தினரும் வீட்டாரும்

கச்சேரி என்றதும் நாம் முதலில் கேட்பது, "பாடுபவர் யார்?" என்பதே. பக்கத்தில் அமர்ந்து வாசிப்போரின் பெயரைக் கேட்பவர் சிலரே. மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழுக்களிலும் இதே நிலைதான். விருந்தினராக வரும் கலைஞரின் பெயரைக் கண்டே மக்கள் கூடுகின்றனர். பருவம் முழுவதும் உழைக்கும் குழுவினரோ பெயரின்றி இருந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் இணைக்கும் கடமை யாது? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1845ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சியொன்று இதற்கு விடை கூறுகின்றது.

வணிகர் வளர்த்த இசை

லைப்சிக் அரசர் வாழ்ந்த தலைநகரன்று, வணிகரின் ஊர். 1743இல் அவ்வூர் வணிகர்களே பொருள் திரட்டி ஓர் இசைக்குழுவை ஏற்படுத்தினர். 1781இல் துணி வணிகர் மாளிகையின் மேல்தளத்தில் அதற்கெனக் கூடம் அமைந்தது. 'கெவாண்ட்ஹவுஸ்' என்ற அம்மாளிகையின் பெயரே குழுவின் பெயராகவும் நிலைத்தது. உண்மையான மகிழ்ச்சி விளையாட்டான காரியமன்று என்று பொருள்படும் இலத்தீன் வாசகத்தைக் கூடத்தில் பொறித்து வைத்தனர். ஆண்டுதோறும் குளிர்காலத்தில், சந்தா செலுத்தியோருக்காகக் கச்சேரிகள் வரிசையாக நடைபெற்றன.

1835இல் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் தமது இருபத்தாறாம் வயதில் இக்குழுவின் தலைமையை ஏற்றார். மனித உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் இசையில் முதலிடம் தந்த ரொமான்டிக் காலம் அது. அவர் கையில் கோலேந்திக் குழுவை நடத்தினார். ஷூபர்ட் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியை 1839இல் முதன்முதலாக அரங்கேற்றியவர் அவரே. ஷூமனின் முதல் சிம்பொனியும் 1841இல் அவர் தலைமையில் அங்கேயே ஒலித்தது. பதினாறு வயதுக் கிளாரா வீக் தாம் இயற்றிய பியானோ கான்செர்ட்டோவை 1835இல் வாசித்தார்; 1840இல் லிஸ்ட் வந்தார்.

விருந்தினர் வந்து சென்றனர். வீட்டாரோ ஓய்வின்றி உழைத்தனர். கச்சேரிக் கூடம், நாடக அரங்கு, தோமையார் ஆலயம் ஆகிய மூவிடங்களிலும் வாசிப்பது அவர்களது கடமை. அவர்களுடைய ஊதியத்தை உயர்த்துமாறு மெண்டல்சோன் வற்புறுத்தினார். தம் குழுவினரின் வயிற்றுப்பாட்டைக் கவனிப்பதும் தலைவனின் பணியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரு பாடகியின் கொடை

1845 டிசம்பர் 4ஆம் நாள் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் கெவாண்ட்ஹவுஸில் பாடினார். ஐரோப்பாவே போற்றிய குரல் அது. நுழைவுக் கட்டணம் உயர்த்தப்பட்டது. இசைக்கல்லூரி மாணவர்களுக்கு வழக்கமாக வழங்கிய இலவச அனுமதியும் அன்று மறுக்கப்பட்டது. மாணவர்கள் முறையிட்டனர். புகழ்மிக்க விருந்தினர் வருகையால் வீட்டுப்பிள்ளைகளே வெளியில் நிற்க நேரிடுவது எந்நாளும் உள்ள வேதனைதான்!

ஆனால் மறுநாளும் அவர் பாடினார். இம்முறை ஊதியம் பெறாமலே பாடினார். வருவாய், அக்குழுவில் வாசித்து மறைந்தோரின் விதவையர் நிதிக்குச் சேர்ந்தது. முன்தினம் தம் குரலுக்குத் துணைநின்ற வயலின்களுக்கும் குழல்களுக்கும் பின்னே குடும்பங்கள் உள்ளன என்பதை அப்பெண்மணி மறக்கவில்லை.

1847 நவம்பர் 4ஆம் நாள் மெண்டல்சோன் முப்பத்தெட்டாம் வயதில் காலமானார். லிண்டின் குரலை மனத்திற்கொண்டே அவர் 'எலியா' என்னும் இசைக்காவியத்தின் உச்சக்குரல் பகுதியை இயற்றியிருந்தார். துயரம் ஓரளவு தணிந்தபின், 1848 டிசம்பரில் லண்டனில் லிண்ட் அதனைப் பாடினார். அக்கச்சேரி திரட்டிய ஆயிரம் பவுன் மெண்டல்சோன் பெயரால் ஒரு கல்வி உதவித்தொகைக்கு அடித்தளமாயிற்று. 1856இல் அதை முதலில் பெற்றவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஆர்தர் சல்லிவன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்மிக்க இசையமைப்பாளரானவர்.

கெவாண்ட்ஹவுஸ் குழு இன்றும் லைப்சிக்கில் வாசிக்கின்றது, விருந்தினரும் வருகின்றனர். அன்றைய கைதட்டல் அன்றிரவே ஓய்ந்திருக்கும். விதவையின் வீட்டில் எரிந்த அடுப்பும், ஏழைச் சிறுவன் பெற்ற கல்வியும் அப்படி ஓய்ந்துவிடவில்லை. நம் ஊர் விழாக்களுக்குப் புகழ்பெற்றோரை அழைக்கும்போது, மேளம் வாசிப்பவருக்கும் பந்தலிட்டவருக்கும் உரிய கூலி சேர்ந்ததா என்று நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.