ரூ.9,200 கொட்டேஷன், ஒரு வீல் பேரிங்: நானே மாத்தினேன், மிச்சம் ஆச்சா?

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ் எல்லாம் கிடையாது. என் 2014 மாடல் ஹேட்ச்பேக்கோட இடது முன் சக்கரம்தான் டாபிக். வீடியோவில் கழட்டுறது, மாட்டுறது மட்டும்தான் காட்டினேன். பணக்கணக்கை இங்கே முழுசா எழுதுறேன், என் முட்டாள்தனத்தையும் சேர்த்து.

60 கிலோமீட்டர் வேகம் தாண்டினா "ஊஊம்"னு ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "முன்னாடி ரெண்டு பேரிங்கும் போச்சு சார், ரூ.9,200 ஆகும்"னு சொன்னாங்க. வண்டியை ஜாக்கில் கூட தூக்கிப் பார்க்கல. அங்கேதான் எனக்கு சந்தேகம்.

வீல் பேரிங் சத்தத்தைக் கண்டுபிடிக்க பைசா செலவில்லை. காலியான நேர் ரோட்டில் அந்த வேகத்தில் ஒரு நிமிஷம் நியூட்ரலுக்கு மாத்துங்க. சத்தம் அப்படியே இருந்தா இன்ஜின் காரணம் இல்லை. ரோடு தாரிலிருந்து சிமென்ட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினா அது டயராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, ஸ்டீயரிங்கை லேசா வலது பக்கம் திருப்புங்க. வண்டியோட எடை இடது பக்கம் சாயும். அப்போ சத்தம் கூடினா இடது பேரிங், குறைஞ்சா வலது. எனக்கு வலது திருப்பத்தில் கூடுச்சு, இடது திருப்பத்தில் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. வீட்டில் தூக்கி வெச்சு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டினேன். இடதில் லேசான ஆட்டம். வலது கல்லு மாதிரி. ஆக ஒரு பக்கம் போதும், பாதி பில் அங்கேயே குறைஞ்சிடுச்சு.

இதை "பிறகு பார்த்துக்கலாம்"னு விடக்கூடாது. ரொம்ப தேய்ஞ்ச பேரிங் சூடாகி இறுகிடலாம், மோசமான நிலையில் சக்கரமே கழன்டு வரலாம். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பண்ணலாமேனு நினைக்காதீங்க. சாதாரண தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது.

சரி, வேலைக்கு வருவோம். பெரும்பாலான சின்ன கார்களில் முன் பேரிங் நக்கிள்குள்ளே அழுத்தி இறக்கப்பட்டிருக்கும். நாலு போல்ட்டைக் கழட்டி மாத்துற ஹப் அசெம்பிளி சில மாடல்களில்தான். சுத்தியலால் தட்டி இறக்குற ஐடியாவை விட்டுடுங்க, புது பேரிங் அன்னைக்கே பாழாகும். அதனால் நான் பாதி வேலை வீட்டில், பாதி வேலை லேத் பட்டறையில்னு பிரிச்சுக்கிட்டேன்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே டிரைவ் ஷாஃப்ட் நட்டை லூஸ் பண்ணணும். அப்புறம் தூக்கி, கட்டாயம் ஜாக் ஸ்டாண்ட் கொடுக்கணும். வண்டியோட வர்ற ஜாக்கை மட்டும் நம்பி கையை உள்ளே விடாதீங்க, இதில் பேரமே கிடையாது. பிரேக் காலிப்பரைக் கழட்டி கம்பியில் தொங்கவிடுங்க, ஹோஸில் தொங்கவிடாதீங்க. ஏபிஎஸ் சென்சார், பால் ஜாயின்ட், டை ராட், ஸ்ட்ரட் போல்ட்டுனு வரிசையா கழட்டினா நக்கிள் கையில் வந்திடும். சொல்றது ஒரு வரி. துருப்பிடிச்ச ஒரு போல்ட்டுக்கு மட்டும் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

பட்டறை அண்ணன் பழசை பிரஸ்ஸில் வெளியே தள்ளி, புதுசை இறக்கிக் கொடுத்தார். நக்கிள்குள்ளே இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தணும். ஹப்பை பேரிங்குள்ளே ஏத்தும்போது உள் வளையத்துக்குத் தாங்கு கொடுக்கணும். மாறிப்போனா அழுத்தம் முழுக்க உள்ளே இருக்கிற குண்டுகள் வழியா போய், மாட்டின மறுநாளே சத்தம் வரும். இதெல்லாம் அவர் சரியாத்தான் செஞ்சார். தப்பு என்னோடது.

ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கோட ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும், பார்க்க கறுப்பா ரப்பர் மாதிரி. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கணும். நான் அவர்கிட்ட சொல்லல, அவரும் கேட்கல. மாட்டி ஓட்டினா சத்தம் போச்சு, டேஷ்போர்டில் ஏபிஎஸ் லைட் எரியுது! இப்படி அழுத்தி இறக்கினதை வெளியே தள்ளினா மறுபடி பயன்படுத்த முடியாது. அடுத்த ஞாயிறும் போச்சு, இன்னொரு பேரிங்கும் போச்சு.

இப்போ கணக்கு. பேரிங் ரூ.1,650, புது நட் ரூ.120, பிரஸ் கூலி ரூ.400. இது ரெண்டு தடவை, ஆக ரூ.4,340. டார்க் ரென்ச், ஜாக் ஸ்டாண்ட், பெரிய சாக்கெட் மூணும் ரூ.5,050. மொத்தம் ரூ.9,390. ஒர்க்‌ஷாப்பில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ரூ.4,600 ஆகியிருக்கும். வீல் அலைன்மென்ட் ரெண்டு வழியிலும் உண்டு, அதைச் சேர்க்கல. டூல்ஸை ஒதுக்கி வெச்சாலும், தப்பு பண்ணாம இருந்திருந்தா மிச்சம் ரூ.2,430. தப்பு பண்ணினதால் மிச்சம் ரூ.260! ரெண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு.

டார்க் ரென்ச்சை மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க. அந்த நட்டை உங்க மாடலுக்கான மேனுவல் சொல்ற அளவுக்கு இறுக்கணும், அதுக்கு முன்னாடி வண்டியோட எடையை அந்தச் சக்கரத்தில் இறக்கக்கூடாது. கை அளவு சரிப்படாது.

பேரிங்கை சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் மார்க்கெட்டில் வாங்கினா பில்லோட வாங்குங்க. போலி நிறைய சுத்துது. எஸ்கேஎஃப் மாதிரி கம்பெனிகள் பேக்கிங்கை சரிபார்க்க ஆப்பே வெச்சிருக்காங்க.

"இந்தத் தொல்லைக்கு புது காரே வாங்கிடலாமே"னு ஆபீஸ் நண்பன் சொன்னான். 6 லட்சம் லோன், 9.5 சதவீதம், 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் ரூ.12,600, வட்டி மட்டும் சுமார் ரூ.1.56 லட்சம். என் ரெண்டு ஞாயிறும் சொதப்பலும் டூல்ஸும் சேர்ந்து ஒரு மாச இஎம்ஐகூட வரல. அதனால் இந்த வண்டிக்குனு தனியா ஒரு ஆர்டி போட்டிருக்கேன், மாசம் ரூ.2,000. அடுத்து கிளட்ச். அதை நிச்சயமா நான் தொடப்போறதில்லை, ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.