பென்சன் லண்டனில், வரி சென்னையில்!
ஊர் திரும்பும் பெரியவர்களைச் சுற்றும் நாள் கணக்கு
(நமது நிருபர்)

சென்னை, மே.

இருபது, முப்பது வருடம் லண்டனில் உழைத்துவிட்டு, தலை நரைத்தபின் சொந்த ஊருக்கே வந்து சேருபவர்கள் மயிலாப்பூரிலும் உண்டு, அண்ணாநகரிலும் உண்டு. வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பென்சன் மட்டும் கடல் தாண்டி வருகிறது.

"அங்கே சம்பாதிச்ச காசு சார்! அங்கேயே வரி பிடிச்சுட்டான். இங்கே எதுக்கு மறுபடியும் கட்டணும்?"

இப்படித்தான் பலரும் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. எங்கே உழைத்தீர்கள் என்று வருமான வரி இலாகா முதலில் பார்ப்பதில்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது!

182 நாள்

நம் நாட்டில் வரி வருடம் ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கி மார்ச் 31-ந்தேதி முடிகிறது. அதற்குள் 182 நாள் இங்கே இருந்தால் அவர் 'இந்தியாவில் வசிப்பவர்' ஆகிவிடுவார். பாஸ்போர்ட்டு எந்த நாட்டுடையது என்பது இந்தக் கணக்கில் வராது.

அக்டோபர் 1-ந்தேதி முதல் மார்ச் 31-ந்தேதி வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 182 நாள்! ஆகவே நிரந்தரமாகத் திரும்புபவர் செப்டம்பரில் வந்து இறங்குவதும், அக்டோபர் பாதியில் வந்து இறங்குவதும் ஒன்றல்ல.

இன்னொரு கண்ணியும் உண்டு. அந்த வருடம் 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய 4 வருடத்தில் மொத்தம் 365 நாள் இங்கே தங்கியிருந்தாலும் அவர் 'வசிப்பவர்'தான். கல்யாணம், காதுகுத்து என்று அடிக்கடி வந்து போனவர்கள் பழைய பாஸ்போர்ட்டு முத்திரைகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டு வருட சலுகை

திரும்பி வந்த உடனேயே வெளிநாட்டு வருமானம் முழுவதும் வரிக்குள் வந்துவிடாது. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு ஒரு நடு நிலை உண்டு. 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்று அதற்குப் பெயர். முந்தைய 7 வருடத்தில் இங்கே தங்கியது 729 நாளுக்கு மேல் போகவில்லை என்றாலும் இந்த நிலை கிடைக்கும். நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு வழக்கமாக 2 வருடம், சிலருக்கு 3 வருடம் இது நீடிக்கும்.

இந்தக் காலத்தில் வெளிநாட்டில் கிடைக்கும் பென்சனுக்கு இங்கே வரி இல்லை.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்!

பணம் முதலில் விழும் இடம்

பென்சன் முதலில் லண்டன் பாங்கிக் கணக்கில் விழுந்து, பிறகு சென்னைக்கு வந்தால், அது உங்கள் பணத்தை நீங்களே இடம் மாற்றிக்கொள்வது. நேராக சென்னை பாங்கிக் கணக்கிலேயே விழுந்தால், அது 'இந்தியாவில் பெற்ற வருமானம்'. சலுகைக் காலமாக இருந்தாலும் அதற்கு வரிக் கணக்கு உண்டு.

"எதற்கு இரண்டு வேலை, நேரா இங்கேயே போடச் சொல்லிடலாம்" என்று எழுதிக் கொடுத்த ஒரு கடிதம், சலுகையைக் கரைத்துவிடும்.

சலுகை முடிந்தபின் இந்த வித்தியாசம் போய்விடும். உலகத்தில் எங்கே விழுந்தாலும் இங்கே கணக்கில் காட்டவேண்டியதுதான்.

இரட்டை வரி உண்டா?

இந்தியாவும் இங்கிலாந்தும் 1993-ல் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அதன்படி கம்பெனி பென்சனுக்கு, வசிக்கும் நாட்டில் மட்டும்தான் வரி. சென்னைவாசி ஆகிவிட்டவருக்கு இங்கே மட்டும்.

அப்படியிருந்தும் அங்கே வரி பிடித்திருந்தால்? அதை இங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள உரிமை இல்லை. இங்கே வசிப்பதற்கான சான்றிதழை வருமான வரி இலாகாவிடம் வாங்கி, லண்டன் வரி இலாகாவுக்கு அனுப்பி, அங்கேதான் திரும்பக் கேட்கவேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், அதன்பிறகு பிடித்தம் இல்லாமலே பென்சன் வரும்.

பிரிட்டிஷ் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் கதை வேறு. அந்தப் பென்சனுக்கு அங்கேதான் வரி. ஆனால் அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, இங்கே வசித்தால், வரி இங்கே. ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி, ஒரே பென்சன். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டு ஊரை மாற்றிவிடுகிறது!

அமெரிக்கா போனவர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. அந்த ஒப்பந்தப்படி 'சோஷியல் செக்யூரிட்டி' பணத்துக்கு அமெரிக்காவில் மட்டுமே வரி.

உறைந்துபோன பென்சன்

லண்டன்காரர்களுக்கு வரியைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. இங்கிலாந்து அரசு எல்லோருக்கும் தரும் முதியோர் பென்சன் அங்கே வருடா வருடம் உயரும். வாங்குகிறவர் இந்தியாவில் குடியேறினால் உயர்வு நின்றுவிடும். 2016-ல் முழுப் பென்சன் வாரம் 155.65 பவுண்டு. அப்போதே வாங்கத் தொடங்கி இங்கே வந்துவிட்டவருக்கு இன்றும் அதேதான். அங்கேயே இருந்தவருக்கு 2025 ஏப்ரலில் 230.25 பவுண்டு! அமெரிக்காவில் குடியேறினால் உயர்வு உண்டு, இந்தியாவில் இல்லை. இதை எதிர்த்துப் போன பென்சன்காரர்கள் 2010-ல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டில் தோற்றார்கள்.

வரி இல்லை, கணக்கு உண்டு

2025-26 வருடத்துக்குப் புதிய வரி முறையில், இங்கே வசிப்பவரின் வழக்கமான வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வரி கிடையாது. ஆகவே சின்னப் பென்சன்காரர்கள் பலர் ஒரு ரூபாய்கூடக் கட்டவேண்டியிருக்காது.

அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. சலுகைக் காலம் முடிந்தவர், வெளிநாட்டில் பாங்கிக் கணக்கு வைத்திருந்தால், வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். அந்தக் கணக்கையும் அதில் காட்டவேண்டும். மறைத்தால் 2015-ம் வருடக் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு. வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை.

பழைய 1961-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் வருட வருமான வரிச் சட்டம் அமலுக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொல்லிக் குழம்பவேண்டாம்.

பெட்டி கட்டும் முன்

லண்டனில் பெட்டி கட்டும்போதே மூன்று காகிதங்களை எடுத்து வைப்பது நல்லது. பத்து வருடப் பாஸ்போர்ட்டுகள். பென்சன் எந்த வகை என்று காட்டும் கடிதம். அங்கே வரி பிடித்ததற்கான சீட்டு. அங்கே வரி வருடம் ஏப்ரல் 6-ல் தொடங்குவதால், அந்தச் சீட்டும் இங்கேயுள்ள கணக்கும் அப்படியே ஒத்துப்போகாது. மாதவாரிக் கணக்கு கையில் இருக்கட்டும்.

விமான டிக்கெட்டுக்குத் தேதி போடுவதற்கு முன்பு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இறங்கியபின் போனால், போன நாளை அவராலும் திருப்பித் தரமுடியாது.