உங்களுக்குத் தெரியுமா? ஹைடெக் சிட்டி ஹைதராபாத் மாவட்டத்தில் இல்லை!

ஹைடெக் சிட்டி அமைந்த மாதாப்பூரின் கண்ணாடிக் கட்டடங்களும் சம்ஷாபாத் விமான நிலையமும் இருப்பது பக்கத்து ரங்காரெட்டி மாவட்டத்தில்!

நிஜாம் ஆட்சியில் தலைநகரைச் சூழ்ந்திருந்த அத்ராஃப்-இ-பல்தா, பாகாத் மாவட்டங்களை 1948-க்குப் பின் இணைத்து உருவானதே ஹைதராபாத் மாவட்டம். 1978 ஆகஸ்ட் 15 அன்று சுற்றுப்புறக் கிராமங்களெல்லாம் ரங்காரெட்டி மாவட்டமாகப் பிரிந்தன. ஆந்திரத்தின் துணை முதல்வராக இருந்த கே.வி. ரங்காரெட்டியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

எஞ்சியது நகரம் மட்டும்: 217 சதுர கிலோமீட்டர். தெலங்கானாவிலேயே பரப்பில் மிகச் சிறிய மாவட்டம் இதுதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 39 லட்சம் பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 18,000 பேர்! கிராமம் ஒன்றுகூட இல்லை.

ஹைதராபாத், செகந்திராபாத் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள். அவற்றில் 16 மண்டலங்கள். சார்மினாரும் கோல்கொண்டாவும் இங்கே சுற்றுலாத் தலங்கள் மட்டுமல்ல, தாசில்தார் அலுவலகம் உள்ள மண்டலங்களும்கூட!

2016-ல் தெலங்கானாவின் 10 மாவட்டங்கள் 31 ஆகப் பிரிக்கப்பட்டபோது, எல்லை மாறாமல் தப்பியது ஹைதராபாத் மட்டுமே. 2007-ல் உருவான பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியின் எல்லையோ அப்போதே பக்கத்து மாவட்டங்களுக்குள்ளும் நீண்டது.