26 டாலருக்கு உளவுப் படம்

2008-ன் இறுதியில் ஈராக்கில் பிடிபட்ட ஷியா போராளி ஒருவரின் மடிக்கணினியை அமெரிக்கப் படையினர் சோதித்தார்கள். அதற்குள் இருந்தவை, அவர்களுடைய 'பிரிடேட்டர்' ஆளில்லா உளவு விமானங்கள் எடுத்த வீடியோக்கள். அடுத்த ஜூலையில் சிக்கிய கணினிகளில் மணிக்கணக்கில் பதிவுகள். இதற்காக எந்த விமானத்தையும் யாரும் வசப்படுத்தவில்லை. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் தரவை அள்ளித் தரும் 'ஸ்கைகிராபர்' போன்ற மென்பொருளே போதுமாக இருந்தது. விலை 25.95 டாலர். 2009 டிசம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதை வெளியிட்டது.

இது எப்படிச் சாத்தியமானது? விடை பிரிடேட்டரின் உப்பிய மூக்கில் இருக்கிறது. உள்ளே செயற்கைக்கோளை நோக்கிய டிஷ் ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து நேரடி ரேடியோவில் இயக்கினால், பூமியின் வளைவு சில நூறு கிலோமீட்டரில் தொடர்பை மறைத்துவிடும். ஈராக்கில் பறப்பதை அமெரிக்காவின் நெவாடாவில் அமர்ந்து ஓட்ட வேண்டுமானால், சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கியாக வேண்டும். அத்தனை வீடியோவையும் சுமக்க ராணுவச் செயற்கைக்கோள்கள் போதவில்லை. தனியார் செயற்கைக்கோள்களில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். நம் மொட்டைமாடி டி.டி.எச். டிஷ்ஷுக்கு வரும் அதே 'கேயூ பேண்ட்' அலைவரிசைதான். அந்த அலை ஒருவர் வீட்டுக்கு மட்டும் இறங்குவதில்லை. மழைபோல ஒரு பெரும் நிலப்பரப்பு முழுவதும் பொழிகிறது. பூட்டாமல் அனுப்பினால் டிஷ் வைத்திருப்பவர் எவரும் பார்க்கலாம்.

எச்சரிக்கை முன்பே வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த செயற்கைக்கோள் ஆர்வலர் ஜான் லாக்கர், பால்கன் பகுதியில் நேட்டோ எடுத்த உளவுப் படங்களைத் தன் வீட்டு டிஷ்ஷிலேயே கண்டார். அதிகாரிகளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தும் பலனில்லாமல் போக, 2002 ஜூனில் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்தது.

படத்தைப் பூட்டினால், அதாவது சங்கேதமாக்கினால், செலவு கூடும், களத்திலிருக்கும் வீரருக்குப் படம் தாமதமாகும் என்றார்கள் ராணுவ அதிகாரிகள். உயிர் தொங்கும் நொடிகளில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், உள்ளூர் எதிரிக்கு இதைப் பிடிக்கத் தெரியாது என்றும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் நம்பியிருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈராக்கில் சதாம் உசேன் ஆட்சியில் டிஷ் வைப்பதே குற்றம். 2003-ல் அவர் வீழ்ந்ததும் பாக்தாத் மாடிகளில் டிஷ்கள் காளான்களாக முளைத்தன. அந்த மாடிகளைத்தான் இந்த விமானங்கள் நாள் முழுக்கப் படம்பிடித்தன.

விமானத்தை இயக்கும் கட்டளைகளை வேறு யாரும் கைப்பற்றியதற்குத் தடயமில்லை. படங்களையும் பூட்டும் வேலை நடப்பதாக 2009-ல் அதிகாரிகள் சொன்னார்கள். 2012 அக்டோபரில் 'வயர்டு' இதழ் எழுதியபோது, பாதிக்கு மேற்பட்ட பிரிடேட்டர், ரீப்பர் ஆளில்லா விமானங்கள் இன்னும் முழுமையான சங்கேதமின்றியே பறந்துகொண்டிருந்தன.