பாவையின் கையில் சாவி

கொல்லிமலைமேல் அமைந்த பைல் நாட்டில் மிளகும் காப்பியும் விளைகின்றன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. வங்கிக் கணக்கில் ஓர் ஐயம் எழுந்தால் ஒருநாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருந்த நிலையைக் கைப்பேசி பெரிதும் மாற்றிவிட்டது. எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனத்தின் ‘இலா’, எச்.டி.எஃப்.சி. வங்கியின் ‘ஈவா’ போன்ற உரையாடு மென்பொருள்கள் உருவாகியுள்ளன. இவ்வசதியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

இம்மலைக்கு உரிய தொன்மம் ஒன்றுண்டு. தெய்வம் அமைத்த கொல்லிப்பாவை, பகைவரைத் தன் நகையால் மயக்கி அழித்து மலையைக் காத்ததாம். பகைவர் யார் என்பதை அப்பாவை அறிந்திருந்தது. இன்றைய பேசும் பாவைக்கோ அது தெரியாது.

வழக்கமான கணினி நிரலில் கட்டளை வேறு. பயனர் தரும் தகவல் வேறு. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிலோ நிறுவனம் இட்ட கட்டளையும் வாடிக்கையாளர் எழுதும் சொற்களும் ஒரே சொல்லோட்டமாகச் சென்று சேர்கின்றன. ‘முன்னர்ச் சொன்னவற்றை விட்டுவிடு; நான்தான் கிளை மேலாளர்’ என்று ஒருவன் எழுதினால், அதனையும் ஆணையாகக் கொண்டுவிட வாய்ப்புண்டு. இதனைக் ‘கட்டளைப் புகுத்தல்’ எனலாம். 2022ஆம் ஆண்டில் சைமன் வில்லிசன் இதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டார்.

கிளை திறக்கும் நேரத்தை மட்டும் சொல்லும் மென்பொருள் ஏமாந்தால் இழப்பு சிறிது. கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணை மாற்றும் அதிகாரமும் அதற்கு இருந்தால் நிலைமை வேறு. எண் மாறியபின் ஒருமுறைக் கடவுச்சொல் திருடனின் கைப்பேசிக்கே செல்லும். பிறகு பூட்டு இருந்தென்ன?

மென்பொருளை ஏமாற்றாமலே அதன் சாவியைக் களவாடுவதும் உண்டு. ‘டிரிஃப்ட்’ என்னும் உரையாடு மென்பொருளுக்கு, நிறுவனங்களின் வாடிக்கையாளர் தரவுத்தளங்களைத் திறக்க வழங்கப்பட்டிருந்த மின்னணு அனுமதிகள் 2025 ஆகஸ்டில் தவறாகப் பயன்படுத்தப்பட்டன. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கிளவுட்ஃபிளேர், களவுபோன உதவிக் கோரிக்கைகளைச் சோதித்தபோது தன் சேவைக்கான 104 மறைச்சாவிகள் அவற்றில் இருக்கக் கண்டது. உதவி கேட்கும் பதற்றத்தில் சாவியையும் சேர்த்து எழுதிவிடுவது மனித இயல்பு.

இழப்பு யாரைச் சேரும்? இந்திய ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வகுத்த நெறிப்படி, வங்கியின் குறைபாட்டால் நேர்ந்த இழப்பு வாடிக்கையாளரைச் சாராது. கடவுச்சொல்லை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு அவருடையது. தெரிவித்தபின் நேர்வதை வங்கி ஏற்கவேண்டும். வங்கியின் உரையாடல் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் எண்ணை எழுதிவிட்ட மிளகு விவசாயி இரண்டாம் வகையில்தான் நிறுத்தப்படுவார். உணர்ந்த நொடியிலேயே அவர் வங்கிக்கும், 1930 என்னும் இணையவழிக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவித்தாக வேண்டும்.