ஒரு துளிக் குருதி

நோய் கண்டபின் மருந்துண்பது ஒரு வழி. அது பரவுமுன் பரிசோதித்து அறிவது பிறிதொரு வழி. இரண்டாவது வழியின் அருமையை மலேரியாவின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

1934, 1935ஆம் ஆண்டுகளில் அக்காய்ச்சலால் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் டீ.டீ.ரீ. தெளித்தும், காய்ச்சற்காரரின் குருதியைப் பரிசோதித்தும் வந்ததன் பயனாக, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது.

மலேரியாக் கிருமி குருதியில் இருந்தும், சிலருக்குக் காய்ச்சல் தோன்றாதிருப்பதுண்டு. அன்னாரைக் கடிக்கும் நுளம்பு அயலவருக்கும் அதனைக் கொண்டு செல்லும். ஆகவே, விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்குவது ஊரையே காப்பதாகும்.

2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இன்மையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. எனினும், பிறநாடு சென்று கிருமியுடன் மீள்வோர் ஆண்டுதோறும் உளர். அதனைப் பரப்பவல்ல புதியதொரு நுளம்பினம் 2016 இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணறுகளிலும் பெருகும். கோப்பாயிலோ வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிணறே கதி.

ஆதலின், இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ சென்று மீண்டோர் காய்ச்சல் கண்டால், பயணக் களைப்பென்று வாளாவிராது, சென்ற நாட்டை வைத்தியரிடம் கூறிக் குருதியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். மலேரியா தடை இயக்கம் இதனை இலவசமாகவே செய்கின்றது. யாத்திரை சென்று வரும் பெற்றோருக்கு இதனை நினைவூட்டுதல் படிக்கும் பிள்ளைகளின் கடன்.