பெரிய தண்ணீர் பொறுத்துப் போகும்

திருவனந்தபுரத்துக்கு வரும் பிள்ளைகள் மிருகக்காட்சிச்சாலையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. அடுத்த முறை வரும்போது இன்னும் கொஞ்சம் தெற்கே போய்ப் பாருங்கள். கோவளத்தைத் தாண்டினால் விழிஞ்சம். அங்கே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்ததுதான் 'சாகரிகா' என்ற கடல்மீன் காட்சியகம். கடலுக்கடியில் பாறை இடுக்குகளில் வாழும் வண்ண மீன்களை அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இப்படி ஒரு காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நம்ம வீட்டிலயும் இப்படி ஒரு தொட்டி வைக்கலாமா? சின்னதா ஒண்ணு போதும்."

சின்னது என்றால் வேலையும் குறைவு என்றுதானே நினைக்கிறோம்? கடல்நீர்த் தொட்டியில் கதை தலைகீழ். சின்னத் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் கடினம். பெரிய தொட்டி நம் தவறுகளைப் பொறுத்துப் போகும். அதனால்தான் கடல்மீன் வளர்க்கிறவர்கள் பலர் சின்னத் தொட்டியில் தொடங்கிப் பெரிய தொட்டிக்கு மாறுகிறார்கள். காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

செய்து பாருங்கள்: டம்ளரும் வாளியும்

ஒரு டம்ளரிலும் ஒரு வாளியிலும் குழாய்த் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டையும் காலை 10 மணிக்கு மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். அரைமணிக்கு ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் அளந்து எழுதுங்கள். டம்ளர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். வாளித் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். மாலையிலும் வந்து பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்!

கடல் மீனின் உடம்பு வாளிக்குப் பழகியது, டம்ளருக்கு அல்ல. கடலில் ஒரு நாளைக்குள் வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. உப்பும் அப்படித்தான். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். நேற்றும் அவ்வளவு, இன்றும் அவ்வளவு. நம் தொட்டியும் அப்படி மாறாமல் இருந்தால்தான் மீன் நிம்மதியாக இருக்கும்.

இரண்டு மடங்கா, எட்டு மடங்கா?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் ஒரு தொட்டி. அதில் 54 லிட்டர் பிடிக்கும். மூன்று அளவையும் இரண்டு மடங்காக்குவோம்: 120, 60, 60. இப்போது எத்தனை லிட்டர்? 108 என்று சொல்லத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள், 432 லிட்டர் வரும். முழுசாக எட்டு மடங்கு!

ஆனால் மேலே காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு நான்கு மடங்குதான் கூடியிருக்கிறது. பெரிய தொட்டியின் இரகசியம் இதில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் கூடிய அளவுக்கு, வெயிலும் காற்றும் தொடும் பரப்பு கூடவில்லை.

ஒரு தட்டில் உப்புத்தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தட்டிலேயே தங்கிவிடும். தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. இரண்டு தொட்டியிலும் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கிவிட்டது என்று வையுங்கள். சின்னத் தொட்டியில் முப்பதில் ஒரு பங்கு போய்விட்டது. 35 ஆக இருந்த உப்பு 36.2 ஆகிவிடும். பெரியதில் போனது அறுபதில் ஒரு பங்கு மட்டும். அங்கே உப்பு 35.6 தான். அதே வெயில்தான், ஆனால் பெரிய தொட்டியில் பாதிப்பு பாதிதான்.

ஒரு கேள்வி: குறைந்த தண்ணீரைத் திரும்ப நிரப்பும்போது உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டுமா, நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டுமா? தட்டை நினைத்துப் பாருங்கள். போனது தண்ணீர் மட்டும். அதனால் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

கண்ணாடிக்கு வரும் சோதனை

பெரிய தொட்டியைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட முடியாது. 432 லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 443 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். அந்தத் தண்ணீரைக் கலக்கவே சுமார் 15 கிலோ கடலுப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம் போன்றவையும் சேர்ந்திருக்கின்றனவே!

முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது தெரியுமா? ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். சின்னத் தொட்டியில் அந்தத் தள்ளல் 28 கிலோ எடைக்குச் சமம். பெரியதில் 220 கிலோவுக்கு மேல். நான்கு பெரியவர்கள் கண்ணாடியில் சாய்ந்து நிற்பது போல! அதனால்தான் பெரிய தொட்டிக்குத் தடித்த கண்ணாடியும், ஆடாத இரும்புத் தாங்கியும், உறுதியான தரையும் தேவைப்படுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள்

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். கடலில் அது கரைந்து பரவிப் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

அங்கேதான் பாக்டீரியாக்கள் வருகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதன் தீங்கு மிகக் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை வெளியேற்றிவிடலாம். இந்தத் துப்புரவாளர்கள் பெரும்பாலும் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள், தண்ணீரில் மிதப்பவர்கள் குறைவு.

இப்போது புதுத் தொட்டிக்கு மாறும் நாளை யோசியுங்கள். பளபளக்கும் கண்ணாடி, தெளிந்த தண்ணீர். மீன்களை உடனே விட்டுவிடலாமா? கூடாது! அந்தச் சுத்தமான தொட்டியில் துப்புரவாளர்கள் ஒருவர்கூட இல்லை. பழைய தொட்டியின் கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் ஈரம் காயாமல் எடுத்துப் புதிய தொட்டியில் வைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். புதிதாகத் தொடங்கினால் இந்தக் காத்திருப்பு பல வாரங்கள் நீளும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனை காட்டிய பிறகுதான் மீன்கள் குடியேறும், அதுவும் ஒன்றிரண்டாக.

பொறுமையின் கதை ஒன்று கேளுங்கள். 1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் கடற்கரையிலிருந்து உயிருள்ள பவள உயிரிகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் காற்று ஊதும் பம்பு ஏது? திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஆற்றுவது போலத்தான்! அப்படி ஊற்றும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரில் கலந்தது, பவள உயிரிகள் பிழைத்தன.

புலிக்கு உள்ள பாதுகாப்பு

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது விலங்கு. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்து வாடகை போலக் கொடுக்கின்றன. பவள உயிரிகள் தங்கள் அடியில் சுண்ணாம்பை அடுக்கி அடுக்கிப் பாறை கட்டுகின்றன.

நம் நாட்டில் கடலிலிருந்து பவளத்தை எடுத்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை! கடல்குதிரைக்கும் அதே ஆண்டில் இடம் கிடைத்தது. ஆகவே தொட்டிக்குள் பாறை வேண்டுமானால் சுட்ட மண்ணால் செய்த கற்களை அடுக்கலாம்.

மீன்களையும் கடலிலிருந்து பிடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பதில்லை. விழிஞ்சம் மையத்தின் விஞ்ஞானிகள் கோமாளி மீன் போன்ற அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கோமாளி மீனில் முட்டையைக் காப்பது பெரும்பாலும் அப்பாதான். துடுப்பால் விசிறி விசிறிப் புதுத் தண்ணீர் படச் செய்யும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளியே வரும். இப்படிப் பிறந்த மீனை வாங்கினால் கடலிலிருந்து ஒரு மீனும் குறையாது.

எல்லாவற்றிலும் பெரிய தொட்டி

உலகின் பெரிய பவளத் தொட்டிகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987-இல் திறக்கப்பட்டது. அதில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது. அதைவிடப் பெரிய தொட்டி விழிஞ்சத்து மீனவர்களின் வாசலிலேயே அலையடிக்கிறது.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துப் பார் என்று கேட்டிருப்பீர்களே! பார் இருந்தால் மீன் தங்கும், ஒளியும், முட்டையிடும். 1980-களில் திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தென்னை அடிமரம், கல், காங்கிரீட் வளையம் போன்றவற்றைக் கடலில் இறக்கித் தாங்களே செயற்கைப் பார்களை உண்டாக்கினார்கள். 2023-இல் அதே யோசனை அரசுத் திட்டமாக விழிஞ்சத்தில் தொடங்கியது. பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் 150 காங்கிரீட் கூடுகள். மொத்தம் எத்தனை? பெருக்கிப் பாருங்கள். 6,300!

ஆனால் இவ்வளவு பெரிய தண்ணீரையும் நாம் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து காற்றில் சேரும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்தது.

பெரிய தண்ணீர் பொறுத்துப் போகும் என்றேன். அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாலை ஆகிவிட்டதா? மொட்டைமாடிக்குப் போய் டம்ளரில் விரல் வையுங்கள். ஆறிப்போயிருக்கும். வாளியில் கை விடுங்கள். வெயில் போய் வெகுநேரம் ஆகியும் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது, இல்லையா?